உப்புவெளியில் கடற்கொள்ளையர்

சுற்றறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்:
தகவல் தொழில்நுட்பப் பிரிவினரைக் கௌரவிக்கும் மாலை.
உடை: கடற்கொள்ளையர்.

ஏழு பேரைக் கௌரவிக்க
உப்புவெளிக் கடற்கரைக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள்.
ஆஸ்பத்திரி முழுக்க எங்களுக்கு ஒரே பெயர்,
கம்பியூட்டர் தம்பி.
எனக்கும் அதுதான்,
நான் தங்கச்சியாக இருந்தும்.

கண்மறைப்புகளைப் பழைய எக்ஸ்றேப் படத்தில் வெட்டியிருந்தோம்.
நௌஃபரின் கண்ணுக்கு முன்னால்
யாரோ ஒருவரின் விலா எலும்பு.
விளக்கைப் பார்க்கும்போதெல்லாம்
"நல்லாப் பொருந்தியிருக்கு" என்று அறிக்கை சொன்னான்.

முதலில் கயிறிழுத்தல்.
கயிறு இல்லை,
மூன்றாம் மாடியில் கழற்றிய பழைய நெட்வேர்க் வயர்,
ஐந்து புரியாகப் பின்னியது.
இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் கணக்குப் பிரிவு.
புதிய வயருக்குக் காசு கேட்டு எழுதிய
பத்தொன்பது கடிதங்களையும் நினைத்துக்கொண்டு
மணலில் குதிகால் புதைய இழுத்தோம்.
அவர்கள்தான் வென்றார்கள்.
வழமைபோல.

பிறகு கீபோர்ட் எறிதல்.
செத்துப்போன பதினான்கு கீபோர்டுகள்.
ஒவ்வொன்றும் ஒவ்வொரு வார்ட்டின் தேநீரைக் குடித்துச் செத்தது.
பிரசங்க எறிந்தது தென்னையில் செருகிக்கொண்டது.
அலுவலகத்தில் வாயே திறக்காத தர்மினி
செருப்பைக் கழற்றிவிட்டு
மூன்று அடி பின்னால் போய்
ஒரு சுழற்று.
காற்றிலேயே எழுத்துகள் கழன்று சொரிய,
வெறும் பலகை மட்டும் அலைக்குள் விழுந்தது.
"ஆரை நினைச்சு எறிஞ்சனீ?"
"ஐஞ்சாம் வார்ட் பிரிண்டரை."

சாப்பாட்டுக்கெல்லாம் அட்டையில் பெயர் எழுதியிருந்தது.
கட்லட் என்பது பீரங்கிக் குண்டு.
மூடி இல்லாத பழைய சேர்வர் பெட்டிக்குள்
முறுக்குப் புதையல்.
ஒரு தட்டத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.
அதன் அட்டையில்:
"நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை."
நாங்கள் ஏழு பேரும் விழுந்து சிரித்தோம்.
மற்றவர்கள், இறால் முடிந்துவிட்டதாக்கும் என்று
நகர்ந்து போனார்கள்.

பணிப்பாளர், இடுப்பில் அட்டை வாளோடு, பேசினார்:
"இந்த வருடம் ஒன்றுமே நடக்கவில்லை.
அதற்காகத்தான் இவர்களுக்கு நன்றி."
கைதட்டல்.
ஒன்றும் நடக்காமலிருக்க
உள்துறைமுக வீதியில்
நான் எத்தனை இரவு நடந்திருக்கிறேன்
என்று எண்ணத் தொடங்கினேன்.
எண்ணி முடியவில்லை, போன் அடித்தது.

"கம்பியூட்டர் தம்பியோ?"
"ஓம்" என்றேன்.
விபத்துப் பிரிவில் பெயர் பதியேலாதாம்.
முறைப்படி அன்றைய இரவு என்னுடையது.

ஓட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.
பஸ் நிலையத்தடியில் மான்கள்
ரொட்டிப் பேப்பர் மென்றுகொண்டு நின்றன.
அவற்றுக்கு நானொன்றும் புதினமில்லை.

வாசல் வாங்கில்
கால்விரலில் சீலை சுற்றியிருந்த ஒரு மூதூர்க்காரர்
தலையிலிருந்து கால்வரை நோட்டம் விட்டுக் கேட்டார்:
"கப்பலை எங்க கட்டியிருக்கிறீர் பிள்ளை?"
"உள்ளுக்குத்தான்" என்றேன்,
மேசைக்குக் கீழே தவழ்ந்து.

பிழை கிடைத்தது.
எங்கள் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு
அந்த ஓட்டையில்
யாரோ தன் போனுக்கு சார்ஜ் போட்டிருந்தார்.
இளஞ்சிவப்பு உறை, முயல் படம்.
முழுதாக நிரம்பியிருந்தது.
அதைப் பக்குவமாய்க் கழற்றி வைத்தேன்,
எங்களுடையதைச் செருகினேன்.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன.
கால்விரல்தான் முதலில் பதியப்பட்டது.

பதிவேட்டில்: மின்னிணைப்பு. சரிசெய்யப்பட்டது. இரவு 10.12.
வாளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

திரும்பிப் போகையில்
கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
புதையல் பெட்டியில் முறுக்குத் தூள்.
பிரசங்க தென்னைக்குக் கல்லெறிந்துகொண்டு நின்றான்.
மேசையின் மூலையில் கவிழ்த்து மூடிய ஒரு கோப்பை,
அதன்மேல்
யாரும் தொடாதபடி
அந்த அட்டை:
நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை.

தூக்கிப் பார்த்தேன்.
ஒன்பது இறால்.