பெர்லினுக்க வீட்டு வயரிங்

பேரு பெர்லின். வேலை ஜெர்மனியில.
ஆனா பெர்லின்ல இல்ல, காஸல் எண்ணு வேற ஊரு,
வயசாளிகளுக்க ஆஸ்பத்திரி.
இத ஒருத்தருக்கு வெளங்க வைக்கதுக்குள்ள
எனக்க சாயா ஆறிப்போவும்.

கருங்கல் தாண்டி, ரப்பர் தோட்டம் முடியுற திருப்பத்துல
அவளுக்க புது வீடு.
வயரிங்கும் குழாயும் நான்தான்.
அவளுக்கு ராத்திரி ஷிப்ட் எண்ணா
எனக்கு விடியக்கருக்கல்ல போன் அடிக்கும்.

"அண்ணா, சன்னலுக்குக் கம்பி வேண்டாம்."
"ஏன் பிள்ளே?"
"கம்பி இல்லாட்டி வெளிச்சம் முழுசா வரும்."
"கள்ளனும் முழுசா வருவான்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல.
மறுநாள் ஒரு மெசேஜ்:
கம்பி போடுங்க. வெள்ளை பெயின்ட்.

எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது.
ஆனாலும் ஏழு நாட்டுக் குளிமுறியில
முட்டளவு சிமென்டோட நிண்ணிருக்கேன்.
அயர்லாந்து நர்சுக்கு, இழுத்தா எரியுற கயிறு விளக்கு.
மாட்டி முடிச்ச அண்ணைக்கு
நானும் கையாள் சுபினும் மாறி மாறி இழுத்தோம்,
சர்ச் மணி அடிக்கப்பட்ட பயலுவ மாதிரி.
ஜப்பான் கப்பல்ல இருந்த குளச்சல்காரர்
உக்காருற எடம் சூடாகுற கக்கூசு கொண்டுவந்தார்.
சித்திரை மாசம். நான் அவரப் பாத்தேன்.
அவரு வயரச் சுருட்டி உள்ள வச்சார்.

பெர்லின் கேட்டது வேற:
"குளிமுறித் தரையில ஓட்டை வேண்டாம்.
இங்க தண்ணி தரையில விழாது அண்ணா."
விழாத தண்ணியப் பத்தி
நான் கேள்விப்பட்டதில்ல.
கதவுக்குப் பொறத்த, டைல்ஸோட டைல்ஸா
ஒரு ஓட்டை வச்சேன். சொல்லல்ல.

கடைசியாப் பிளக்கு.
"பக்கத்துல சுவிட்ச் எதுக்கு? இங்க கிடையாது."
"அப்பம் கரண்டு?"
"எப்பவும் இருக்கும்."

எப்பவும்.
அண்ணைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு
எங்க தெருவுல கரண்டு போச்சு.
பாயில கெடந்து நெனச்சேன்:
ஒரு நாடு முழுக்கச் செவருக்குள்ள
கரண்டு ஒறங்காம நிக்குது,
ஆரும் கூப்பிடாம, ஆரும் போகச் சொல்லாம.
அந்தச் செவருல சாஞ்சு
அவ எப்படி ஒறங்குதா?

சுவிட்சும் சேத்துத்தான் போட்டேன்.
பிளேட்டே அப்படித்தான் வருது, கம்பெனிக்காரன்கிட்டக் கேளு எண்ணேன்.

கிறிஸ்துமசுக்குப் பத்தொம்பது நாள் லீவு.
வந்த ரெண்டாம் ராத்திரி, நல்ல மழை, மணி ஒண்ணு:
"அண்ணா, போனு சார்ஜ் ஏறல்ல. வயரிங்ல என்னமோ தப்பு."
எனக்க வயரிங்கிலயா?
மழைக்கோட்டு, டெஸ்டர், பைக்கு.

வாசல்ல ஸ்டார் எரியுது. உள்ள பிளக்குல
சார்ஜர் ஒழுங்காக் குத்தி இருக்கு.
நான் ஒண்ணும் பேசல்ல.
ஒத்த வெரலால சுவிட்ச அமுக்கினேன்.
போனு 'டிங்' எண்ணுது.

அவ செவரையே பாத்துட்டு நிண்ணா.
"அங்க போன புதுசுல
ராத்திரி ராத்திரி செவரத் தடவுவேன் அண்ணா,
ஆஃப் பண்ண ஒண்ணும் இருக்காது.
எதையோ அடைக்காமப் படுத்த மாதிரி இருக்கும்.
எட்டு வருசம். எப்பம் மறந்தேண்ணு தெரியல்ல."

அடுக்களையில காலிக் குப்பி அஞ்சு
வரிசையா நிக்குது. எறிய மனசு வரல்லியாம்,
அங்க மெஷின்ல போட்டா காசு தருமாம்.
டிங்கர் எண்ணைக்கு ஆவும் எண்ணு எடுத்துக்கிட்டு
அஞ்சு ரூவா நீட்டினேன்.
சிரிச்சுட்டே வாங்கிக்கிட்டா.

போறதுக்கு மின்ன கை கழுவப் போனேன்.
குளிமுறி முழுக்க ஈரம்.
நடுவுல ஒரு செவப்பு வாளி, கப்பு.
"ஓட்டை நல்லா இழுக்குது அண்ணா,"
பொறத்தேருந்து அவளுக்க சத்தம்.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல
எல்லாச் சுவிட்சையும் அமத்திக்கிட்டே வந்தேன்.
கட்டில் பக்கத்துல ஒண்ண மட்டும்
ஒண்ணும் மாட்டாத வெறும் பிளக்க
ஆன்ல போட்டுட்டுப் படுத்தேன்.

ரெண்டு தடவ கண்ணு முழிச்சுப் பாத்தேன்.
செவரு செவராத்தான் இருந்துது.