யாருடைய பந்து

டச்சுக்குடாக் கரையில் எங்களுக்கொரு சட்டமிருந்தது:
மான் குறுக்கே வந்தால் அந்தப் பந்து கணக்கில்லை.
கொம்பன் ஒன்று நடுவில் வந்து படுத்துக்கொண்டால்
மிச்ச ஆட்டம் நாளைக்கு.

கொழும்பில் மைதானத்துக்குள் மான் வராது.
எல்லாப் பந்தும் கணக்கு.

இரவு ரயிலில் மூன்றாம் வகுப்பு.
கல்லோயாச் சந்தியில் பெட்டிகள் இடிபடும்போது
கண் திறவாமலே காலால் தடவுவேன்,
கிற் பை இருக்கிறதா என்று.

ஒப்பந்தம் நான்கு பக்கம், இரண்டு மொழி,
இரண்டும் எனக்கு அரைகுறை.
கையெழுத்தை மட்டும் தமிழில் போட்டேன்.
சட்டை முதுகில் மகேந்திரராசா கொள்ளவில்லை,
கோபிதா என்று அச்சடித்துத் தந்தார்கள்.
முதல் மாதக் காசில் ஆணிச் சப்பாத்து.
இரண்டாம் மாதம் அப்பாவின் ஓட்டோவுக்கு லீசிங்.
மூன்றாம் மாதம்
காசு வரவில்லை.

நான் இடக்கைச் சுழல்.
மணிக்கு எழுபது கிலோமீற்றர் என்றது கருவி.
என்ட ஓட்டோ இதைவிட ஓடும் என்றார் அப்பா.
அவருக்கு விளங்கப்படுத்த முடியாது,
மெதுவாகப் போடத்தான் அதிகம் துணிச்சல் வேண்டும் என்று.
மெதுவான பந்தை அவள் பார்த்துக்கொண்டேயிருப்பாள்,
நீயும் அவளைப் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும்.

குருநாகலில் ஒரு மத்தியானம்
பந்து மேலே போனது,
நேர் மேலே, வெயிலுக்குள்.
நான் 'என்ட' என்று கத்தினேன்.
சதுனிகா 'மகே' என்று கத்தினாள்.
இரண்டும் ஒரே சொல்.
அதை யோசிக்க இரண்டு பேருக்கும் நேரமிருக்கவில்லை.

அவளுடைய முழங்கை, என்னுடைய மோதிர விரல்.
பந்து புல்லில் கிடந்தது
எவளுடையதாகவும் இல்லாமல்.
தப்பியவள் எழுபத்தொன்று அடித்தாள்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் படம் எடுத்தவர்
விழுந்ததா என்று கேட்டார்.
பிடிக்கப் போனது என்றேன்.
வலக்கை, நல்லவேளை.

ஆறு கிழமை உவர்மலையில்.
பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் கேட்டா,
எப்ப பிள்ளை டிவியில வருவீர்?
எங்கட மட்ச் டிவியில போறேல்லை அன்ரி.
பிறகு ஏன் சம்பளம் தருகினம்?
நல்ல கேள்வி.
கட்டுப்போட்ட விரலோடு நானும் அதையே யோசித்தேன்,
சில இரவுகளில்.

திரும்பிப் போனபோது தீர்மானமாகியிருந்தது:
எல்லோரும் 'மகே' என்றே கத்த வேண்டும்.
மொழிப் பிரச்சினை இல்லை, சின்னச் சொல், அவ்வளவுதான்,
என்றார் கோச்.
'என்ட'வும் சின்னச் சொல்தான் என்று
நான் சொல்லவில்லை. பத்துப் பேர் அவர்கள்,
நான் ஒருத்தி, பந்து வேறு
கீழே வந்துகொண்டேயிருக்கும்.

விடுதிச் சுவரில் எறிந்து எறிந்து பழகினேன்.
மகே. மகே. மகே.
பக்கத்துக் கட்டிலிலிருந்து சதுனிகா
'கே'யை நீட்டாதே என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி,
'என்ட' என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.
'ண்ட' என்று வந்தது.
திருத்தவில்லை நான்.

போயா லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்.
தங்கை குசினித் தட்டில் எதையோ இழுக்க
மா டின் சரிந்தது.
பாய்ந்து பிடித்தேன், தரைக்கு ஒரு சாண் மேலே.
'மகே!'

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.
வெளியே ஓட்டோ சீற் துடைத்துக்கொண்டிருந்த அப்பா
தலையை நீட்டினார்.
ஸ்ராண்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
என்னடி, என்னையா?

இல்லையப்பா. டின்னை.

முழங்கைவரை மா.
நிமிராத அந்த விரல் மட்டும்
டின்னின் விளிம்பை விடவில்லை.