முப்பது உயிர்

மேல், மேல், இடம், வலம்,
மறுகா கீழ்,
பி-யை அமத்திப் பிடிச்சபடி ஸ்டார்ட்.
கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மணித்தியாலம் இருபது ரூபாய்க் கடையில்
றிப்கான் காக்கா
ரெண்டு ரோல்ஸ் கொடுத்து வாங்கி வந்தது.
விஞ்ஞானக் கொப்பியின் கடைசி ஒற்றையில்
சுவாசத் தொகுதிக்குக் கீழே எழுதிவைத்தான்.

பொம்பிளைப் பிள்ளைகள் போகாத கடை.
வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெட்டி
வீட்டில் இருந்தது.
கசெட்டை ஊதி ஊதிச் செருகவேணும்.

நாற்பது நிமிடத்தில் காக்கா வென்றான்.
ராட்சதன் சிதறினான்,
ஜப்பான்காரர்களின் பெயர்கள் மேலே ஓடின,
அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

நான் மறுகா அமத்தினேன்.
மூன்றாம் கட்டம், பாலம்.
கத்தி வீசவில்லை. சும்மா நின்றேன்.
அம்பு பட்டது: இருபத்தொன்பது.
ஓர் உயிருக்கு நிலா பார்த்தேன்,
அது வட்டமில்லை, படிக்கட்டு.
ஓர் உயிருக்குக் கிடங்கில் குதித்தேன்,
கீழே ஒன்றும் கீறப்பட்டிருக்கவில்லை.
ஆறு உயிர் கொடுத்து
தூரத்துக் கோட்டையின் ஒரு யன்னல்:
விளக்கு, அணைந்து அணைந்து எரிகிறது.
எல்லாரும் ஓடிப்போகிற இடத்தில்
யாரோ ஒருத்தன் இருந்து
அந்த விளக்கைக் கீறியிருக்கிறான்.

இருபத்தாறாவது உயிரில் தெரிந்தது,
பாலத்தின் இடது முனையில் ஒரு கல்.
அதில் நின்றால்
அம்பும் படாது, வௌவாலும் படாது.

காக்கா கிறுகி வந்தான், கால் முழுக்க மண்.
"எத்தனை மிச்சம்?"
"நாலு."
"எந்தக் கட்டம்?"
"மூன்று."
"களவெடுத்த உயிரையும் வீணாக்குறியே புள்ள,
கெதியாப் போ!"

கொஞ்சம் பொறு, என்றேன்.
விளக்கு எரியிற நேரம்.