எட்டாவது கோடு

கடச்சனேந்தலில் ஒரு காதுகுத்து.
வேம்பின் கவட்டையில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கும்போது
ஏணி நகர்ந்தது.
நானும் விழுந்தேன், கட்டு அவிழ்ந்து குழாயும் விழுந்தது.
குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.
மண்ணில் முகம் புதைத்துப்
பாடிக்கொண்டே கிடந்தது.

உடனே எழுந்துவிட்டேன். அதுதான் தப்பு.
எழுந்து நிற்பவனுக்கு எதுவும் ஆகவில்லை என்று
ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.
"சுளுக்குத்தாண்ணே" என்றான் இருளப்பன்.
மாமன் வரிசையில் வந்த ஒருவர்
நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.
இன்னொருவர், பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால்
டொக்கென்று உட்கார்ந்துவிடும் என்றார்.
நான் இடது கையால் வலது முழங்கையை ஏந்தி நின்றேன்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன தூங்கும் பிள்ளையை
எழுப்பாமல் வைத்திருப்பவன்போல.
அப்படி நிற்க யாரும் சொல்லித் தரவில்லை.
கைக்கே தெரிந்திருந்தது.

இழுக்க விடவில்லை.
விவரம் தெரிந்து அல்ல.
பயந்து.

ராத்திரி சட்டையைக் கழற்ற முடியவில்லை.
செண்பகவல்லி கத்தரியை எடுத்தாள்.
அவள் தைத்த சட்டைதான்,
துணி வீணாகாமல் தையல் வழியாகவே பிரித்தாள்.
பிறகு பல்பைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள்,
தெருவுக்கே தோள் அளக்கிறவளின் கண்ணால்.
"ரெண்டு பக்கமும் ஒரே அளவா இல்ல.
சுளுக்கு இம்புட்டு மாத்தாது.
கெளம்புங்க."

பெரியாஸ்பத்திரியில் விடியக்காலை மூன்று மணி.
டாக்டர் நிலோபர் என்று பெயர், சின்ன வயசு.
உடைந்த இடத்தை அவர் முதலில் தொடவேயில்லை.
ஏட்டையா சட்டையில் கோடு தைக்கிற இடத்தில்
பஞ்சால் தடவினார். "தெரியுதா?"
தெரிந்தது.
விரல்களை விரிக்கச் சொன்னார்.
மணிக்கட்டில் நாடியைத் தேடினார்.
எனக்கு இது பழக்கப்பட்ட வேலை:
லைன் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
பெட்டியைத் திறக்க வேண்டும்.

வெளிச்சப் பலகையில் என் தோளை மாட்டினார்கள்.
மேல்கை எலும்பின் கழுத்தில் கோடு.
கைக்கும் ஒரு கழுத்து உண்டென்று
நாற்பத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன்.
"முறிஞ்சிருக்கு, ஆனா நகரல.
ஆபரேஷன் வேணாம். தூளியில போட்டு வைங்க."
மாவுக்கட்டு இல்லையா என்றேன்,
ஏமாந்துபோனவன்போல.
"தோளுக்கு அது நிக்காதுங்க.
ரத்தம் கீழ இறங்கும், பயப்படாதீங்க.
எண்ணெய் மட்டும் போட்றாதீங்க."

மூன்றாம் நாள் இறங்கியது.
முழங்கை வரை நாவற்பழக் கறை.
சொல்லியிருந்தும் பயந்தேன்.

படுத்தால் குத்தும்.
மூன்று வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில்
உட்கார்ந்தே தூங்கினேன், தூங்கினேன் என்பது சும்மா பேச்சு.
பங்குனி மாதம். ஊரைச் சுற்றிப் பொங்கல்.
இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்:
அது ஊமச்சிகுளத்துச் செட், இரைச்சல் அதிகம்.
இது புது ஆள், ஒயரை ஒழுங்காக இறுக்கவில்லை.
எலும்பு வலித்தது ஒரு பக்கம்.
முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தது இன்னொரு பக்கம்.

பிறகு குனிந்து கையைத் தொங்கவிட்டு
வட்டம் வட்டமாய் ஆட்டச் சொன்னார்கள்.
மரத்திலிருந்து கட்டாமல் விட்ட ஒயர்போல ஆடியது,
எனக்குச் சொந்தமில்லாத ஒன்று.
அதற்கும் பிறகு சுவர்.
இரண்டு விரலால் சுவரில் நடந்து ஏற வேண்டும்.
எட்டிய இடத்தில் செண்பகவல்லி
துணிக்குக் குறி போடும் சாக்கட்டியால் கோடு போடுவாள்.
முதல் கோடு என் வயிற்றுக்கு நேரே இருந்தது.
வெட்கமாய் இருந்தது.
நாற்பதடிக் கம்பத்தில் ஏறினவன்.

நேற்று இருளப்பன் தனியாக ஒரு மஞ்சள் நீராட்டுக்குப் போனான்.
கூடப் போய் இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
இத்தனை வருஷத்தில்
கீழே ஒரு ஆள் வேண்டுமென்று
நான் கேட்டதேயில்லை.
"ஏண்ணே, நல்லாப் பிடிச்சிருக்கியா" என்று
மூன்று தடவை கேட்டான் மேலிருந்து.

எட்டாவது கோட்டுக்கு
நாலு விரல் மேலே ஃபேன் சுவிட்ச்.
இப்போதைக்கு அவள்தான் போடுகிறாள்.