வேலைக்குத் தகுதி

ஓசூரில் வலிக்கு மூன்று பெயர்.
மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் நொப்பியா என்பார்,
கட்டுப் பிரிக்கும் நர்ஸுக்கு அது நோவு,
டாக்டர் தலை நிமிராமல் வலி இருக்கா என்பார்.
மூன்றுக்கும் ஆமாம் சொல்லிப் பழகிய வாய்
அன்று, ஏனோ, இல்லை என்றுவிட்டது.

வீட்டு வாடகை காரணமாயிருக்கலாம்.
மூக்கண்டப்பள்ளித் தகரக் கூரைக்குக் கீழே
நூற்றுப் பதினேழாவது நாளும்
படுத்திருக்க முடியாததும்.

ஒன்பது வருஷமாய்க் காண்ட்ராக்டில் நான் தற்காலிகம்.
பிரஸ் இறங்கிய அந்த ராத்திரி ஷிப்டுக்குப் பிறகு
ஊனமும் தற்காலிகம் என்று எழுதினார்கள்.
ஈ.எஸ்.ஐ. போட்டது கூலியில் தொண்ணூறு சதவீதம்.
பத்து விரலில் ஒன்பது மிச்சம்,
கணக்கு சரியாத்தான் இருக்கு என்றேன்.
வரிசையில் பின்னால் நின்ற கிரானைட் பாலிஷ்காரர்
சிரிக்கலாமா என்று தெரியாமல் இருமினார்.

அந்த நாலு மாசத்தில்
நான் பார்த்தேயிராத பதினோரு மணியைப் பார்த்தேன்.
எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இறங்கிவந்து
பிளாஸ்டிக் குடத்தைத் தொடும் நேரம் அது.
லிகிதாவுக்கு இடக்கையால் சடை போட்டேன்.
பஸ்ஸில் ஏறியதும் அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருக்கிறாள்.
சொல்லவில்லை. டீச்சர் சொன்னார்.

திங்கட்கிழமை. கேட்டில் விரல் வைக்கும் மெஷின்.
பழக்கத்தில் வலக்கை நீண்டது.
கண்ணாடிக்கும் எனக்கும் நடுவே
ஒன்றரை அங்குலம் காற்று.
மீண்டும் வைக்கவும், என்றது.
மீண்டும் வைக்கவும்.
பின்னால் முதல் ஷிப்டு மொத்தமும் நிற்கிறது,
டிபன் பாக்ஸ்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றன.
செக்யூரிட்டி ருத்ரப்பா இறங்கிவந்து பெயர் கேட்டார்,
ஒன்பது வருஷம் எனக்குக் குட்மார்னிங் சொன்னவர்.
முனிரத்தினம்மா, என்றேன்.
லிஸ்டில் இருக்கு, மெஷினில் இல்லை, என்றார்.
மெஷினில்தானே விட்டேன்,
என்று வந்ததை விழுங்கினேன்.

இடக்கைச் சுண்டுவிரலைப் பதிந்துகொண்டார்கள்.

என் பிரஸ்ஸில் ஒடிசாப் பெண் ஒருத்தி.
முன்னால் புதிதாய் மஞ்சள் தடுப்பு,
கை உள்ளே போனால் நின்றுவிடும்.
போர்மேன் இரண்டு தரம் நிறுத்திக் காட்டினார்,
நானே காசு போட்டு வாங்கித் தந்ததுபோல.
என்னைப் பேக்கிங்கில் உட்காரவைத்தார்கள்.
வாஷர். நூறு நூறாய் எண்ணிப் பையில்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து
பாஷையில்லாமல் என் கையைக் கேட்டாள்.
கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்தாள், தழும்பை மெல்ல அழுத்தினாள்,
அவள் மொழியில் ஏதோ கேட்டாள்.
நாலாவது பெயராயிருக்கும்.
இல்லை என்று ஆட்டப்போன தலை
ஆமாம் என்றது.

மத்தியானம் முழுக்க அரிப்பு.
இல்லாத அந்த விரலில்தான்.
அதற்கு யாரும் சான்று எழுதித் தரவில்லை,
லீவிலேயே இருக்கிறது.
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு,
எங்கே விட்டேன்.