வெள்ளைப் பெட்டி

கஞ்சிக்கோட்டில் நான் செய்வது வெள்ளைப் பெட்டி.
அச்சேறுவதற்கு முன்னால்
பெயரில்லாமல், படமில்லாமல், விலையில்லாமல்
ஒரே ஒரு பெட்டி.
மடித்து, ஒட்டி, உள்ளே செங்கல் வைத்து
இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவேன்.
ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று
ஷாஜு சார் எண்ணும்போதெல்லாம்
"என்ன சார்?" என்று திரும்புவார்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆறுமுகம்.
பதினொரு வருடமாகத் திரும்புகிறார்.

முதலில் நசுங்குவது மூலைதான்.
நசுங்கினால் யாரும் அழுவதில்லை.
அட்டை ஒன்பது ரூபாய்.
அடுத்ததை வெட்டு.

ஒரகடத்துக்கு வருகிறாயா, சம்பளம் இரட்டை என்று
பழைய மேனேஜர் போன் செய்தது
நோன்புக்கு முந்தின வெள்ளி.
அதே வாரம், வேலந்தாவளத்தில் ஒரு கடை காலியாகிறது,
தையல் போடேன் மைமூன் என்றாள் அண்ணி,
உனக்குத்தான் அளவு கண்ணிலேயே இருக்கே.
அத்தாவுக்கு வாளையாறே போதும்.
இருபது வருடம் செக்போஸ்டில் லாரிக்காரர்களுக்குப்
படிவம் நிரப்பியவர்.
ஜிஎஸ்டி வந்து கம்பத்தைத் தூக்கிய ராத்திரி
பேனாவை மூடி வைத்தார்.
எதைக் கேட்டாலும்
"தூக்கினா தூக்கினதுதான்" என்பார்.

மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை.
ஒரு ராத்திரி ரயிலில்,
ஆனை தண்டவாளம் தாண்டட்டும் என்று
நாற்பது நிமிடம் நிற்கையில் தோன்றியது:
பெட்டிக்குக் கொடுக்கிற ஒன்பது ரூபாயை
எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

ஐந்து நாள் லீவு.
ஒரகடத்தில் தோழியின் அறையில் மூன்று ராத்திரி.
கம்பெனிப் பேருந்து வரும் இடத்தில்
வேலைக்குப் போகிறவள் போலவே
ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றேன்.
பேருந்து வந்தது.
கை காட்டி அனுப்பிவிட்டேன்.
டிரைவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.
அப்புறம் இரண்டு நாள் அண்ணியின் மெஷினில்
பள்ளிக்கூடப் பாவாடை, பதினேழு.
மடிப்பு நேராகத்தான் விழுந்தது.
அளவு கொடுக்க வந்தவர்கள்தான்
உட்கார்ந்து என்னை அளந்தார்கள்.

வீட்டுக்கு வந்து,
அத்தாவின் மிச்சப் படிவம் ஒன்றின் முதுகில்
நசுங்கிய இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன்.
ஒரகடம்: இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவது.
வேலந்தாவளம்: பத்திலிருந்து எட்டு வரை ட்யூப்லைட்.
கையோடு கஞ்சிக்கோட்டையும் போட்டுப் பார்த்தேன்.
அதே மூலை.

பதினொரு வருடமாக இரண்டாம் ஷிப்ட்.
கணவாய்க் காற்று பனைகளை உலுக்குகிற
அந்த நாலரை மணியை
ஞாயிறு மட்டுமே பார்த்திருக்கிறேன்.
எங்கே போவது, எங்கே போவது என்று
கேட்டுக்கொண்டே இருந்தேனே,
கேள்வியை வெட்டிய அளவே தப்பு.

முதல் ஷிப்ட் கேட்டேன்.
"நோக்காம்" என்றார் ஷாஜு சார்.
எல்லையில் வளர்ந்தவளுக்குத் தெரியும்,
அதற்குப் பார்ப்போம் என்றும் பொருள்,
மாட்டேன் என்றும் பொருள்.
மூணு மாசத்துக்கு மட்டும் சார்,
அச்சடிக்க வேண்டாம் என்றேன்.
சிரித்துவிட்டார்.

ராத்திரிப் படி போச்சு, மாதம் ஆயிரத்து நானூறு.
ஒரு விளிம்பு விரிந்திருக்கிறது.
நாலரை மணியும்
மூன்றாம் நாளே கொஞ்சம் போரடித்தது.
அதையும் வட்டமிட்டேன்.

இப்போது அண்ணியிடம்
சாயங்காலம் இரண்டு மணி நேரம் மெஷின் கேட்டிருக்கிறேன்.
உள்ளே வேண்டாம்,
வெளியே வேப்பமரத்தடியில் போட்டுத் தைக்கிறேன் என்று.
காற்றுக்குத் துணியெல்லாம் பறக்கும்டி என்கிறாள்.
வியாழக்கிழமை தெரியும்,
பறக்கிறதா என்று.