நடத்தை: நன்று

எர்ணாவூரில் மாற்றுச் சான்றிதழ் எழுதும் நாள்.
சுவரில் இடுப்பளவுக்கு இன்னும் அந்த வெள்ளக் கோடு.
அதன் மேல்தான் தேர்ச்சிப் பட்டியலை ஒட்டினேன்.

தேசப்பன் வந்தான்.
எண்ணெய் அப்பிய வலையை
மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிய விரல்கள்;
மிஷினில் ரேகை விழவில்லை.
வேதியியலில் எழுபத்தொன்று.

அரையாண்டுத் தேர்வுக்கு
நிவாரண டோக்கன் வரிசையில் நின்றே படித்தவள் பெனிட்டா.
பின்னால் நின்ற அக்காமாருக்கும்
மரபியல் மனப்பாடம்.

"மிஸ், அழுவுறீங்களா?" யாஸ்மின்.
"சாம்பல்டி. அனல்மின் நிலையத்துச் சாம்பல்."
காற்று அன்றைக்குக் கடலிலிருந்து வீசியது.
அவளுக்கும் தெரியும்.

நடத்தை என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
நன்று என்று எழுதிவிட்டு
பேனாவை எடுக்காமல் இருந்தேன் கொஞ்ச நேரம்.
மை ஊறி
கோட்டைத் தாண்டிவிட்டது.
ஹெட்மாஸ்டர் திட்டுவார்.
திட்டட்டும்.